பின்னிருக்கைக்காகச் செய்த கார்: லிங்கன் டவுன் காருடன் பன்னிரண்டு ஆண்டுகள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் அழைத்து, அமெரிக்கச் சொகுசுக் காரான லிங்கன் டவுன் காரில் 2011-ஆம் ஆண்டு வண்டி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, விலையை இரண்டாம் முறையாகக் குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டார். என் 2004 டவுன் காரின் பின்பக்க ஏர் சஸ்பென்ஷனுக்கு, அதாவது உடலைக் காற்றால் தாங்கும் அமைப்புக்கு, காற்று அடைக்கும் புதிய கம்ப்ரஸர் பொருத்தி இரண்டு நாள்கூட ஆகியிருக்கவில்லை. அந்த மனநிலையில் தொலைபேசியில் நான் சொன்ன பதில் ஒரே சொல். அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களை அவருக்கும், இந்த வண்டியின் மேல் கண் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

4.6 லிட்டர் வி-8 எஞ்சின், 239 குதிரைத்திறன், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், தனி இரும்புச் சட்டத்தின் மேல் அமர்ந்த உடல் ஆகியவை இந்த வண்டியைத் தேடுகிறவர்கள் எல்லோரும் அறிந்தவை. 2003-இல் சட்டத்தையும் ஸ்டியரிங்கையும் மாற்றியமைத்த பிறகு வந்த வண்டிகள் முந்தியவற்றைவிட நேராகவும் நிதானமாகவும் ஓடும். 2013-இல் 64,000 மைலுடன் வாங்கிய என் வண்டி இப்போது 1,71,000 மைலைத் தாண்டிவிட்டது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒருமுறைகூட என்னை வழியில் நிறுத்தியதில்லை. அவற்றைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது பின்சக்கரங்களுக்கு மேல் இருக்கும் இரண்டு ரப்பர் பைகளைப் பற்றி.

டவுன் காரின் பின்பக்கத்தில் இரும்புச் சுருள்வில் கிடையாது. அதன் இடத்தில் காற்று அடைத்த ரப்பர் பைகள், அதாவது ஏர் ஸ்பிரிங்குகள், உடலைத் தாங்குகின்றன. பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள ஒரு சென்சார் உயரத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். மூன்று பேர் பின்னிருக்கையில் அமர்ந்து, டிக்கியில் நான்கு பெட்டிகளை ஏற்றி வண்டியைக் கிளப்பினால், எஞ்சின் அறையின் முன்மூலையிலிருந்து கம்ப்ரஸரின் மெல்லிய ரீங்காரம் ஒன்று எழும்; தாழ்ந்திருந்த பின்பக்கம் ஓர் அங்குலம், இன்னும் அரை அங்குலம் என்று உயர்ந்து, பழைய மட்டத்துக்கு வந்து நிற்கும். பாரம் இறங்கியதும் அதிகப்படியான காற்றை வெளியே விட்டுத் தானே தாழ்ந்துகொள்ளும். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும், விமான நிலையத்தில் யாரையாவது ஏற்றிக்கொள்ளும்போது அந்த ரீங்காரத்துக்காக நான் காத்திருக்கிறேன்.

இதில் காட்சியைவிட முக்கியமான ஒரு நன்மை உண்டு. சுருள்வில்லின் விறைப்பு ஒன்றுதான். ஒருவர் அமர்ந்தாலும் ஐவர் அமர்ந்தாலும் அது மாறாது. ஆகவே அதைச் செய்கிறவர் ஏதோ ஒரு நடுத்தரப் பாரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே கடினமாகவும் மேலே தொய்வாகவும் இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டியிருக்கிறது. காற்றுப் பையில் பாரம் ஏற ஏற அழுத்தமும் ஏறுகிறது, அழுத்தத்தோடு விறைப்பும் ஏறுகிறது. அதனால் வண்டி காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் பின்பக்கம் ஏறி இறங்கும் தாளம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அம்மாவை மிச்சிகனின் சாலைகளில் வாரம் இருமுறை பிசியோதெரபிக்கு அழைத்துச் சென்ற நாட்களில்தான் இதன் அருமை எனக்குப் புரிந்தது. இங்கே குளிர்காலத்தில் தார்ச்சாலையின் வெடிப்புகளில் நீர் இறங்கி உறைந்து, உருகி, மீண்டும் உறைவதால், மார்ச் மாதத்தில் சாலை முழுவதும் குழிகள் வாய் பிளந்திருக்கும். அம்மா வழக்கமாக இடுப்புக்கு வைத்துக்கொள்ளும் தலையணையை முதல் மாதத்துக்குப் பிறகு வீட்டிலேயே விட்டுவிட்டு வரத் தொடங்கினார்.

பின்னிருக்கையின் மேல் இவ்வளவு கவனம் இந்த வண்டிக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு லிங்கனின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1917-இல் இந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஹென்றி லேலண்டுக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஆயுதத் தொழிற்சாலைகளிலும் அளவைக் கருவிப் பட்டறைகளிலும் தொழில் பழகியவர் அவர். 1902-இல் ஹென்றி ஃபோர்டு விட்டுச் சென்ற நிறுவனத்தைக் கேடிலாக் ஆக்கியவரும் அவரே. அமெரிக்காவின் இரண்டு பெரிய சொகுசுக் கார்ப் பெயர்களுக்கும் மூலவர் ஒருவரே என்பதை இங்கே பலர் அறிவதில்லை. முதலாம் உலகப் போருக்கு லிபர்டி விமான எஞ்சின்கள் செய்வதற்காகக் கேடிலாக்கை விட்டு வெளியேறி, தாம் முதன்முதலில் வாக்களித்த குடியரசுத் தலைவரின் பெயரைப் புதிய நிறுவனத்துக்கு வைத்தார். போர் முடிந்து, 1920-இல் கார் வெளிவந்து, பணம் வறண்டபோது, 1922 பிப்ரவரியில் அதை 80 லட்சம் டாலருக்கு வாங்கியவர் அதே ஹென்றி ஃபோர்டுதான். சில மாதங்களிலேயே லேலண்டும் அவருடைய மகன் வில்ஃபிரடும் வெளியேற வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுக் கணக்கு தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த முதியவரை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

லிங்கனுக்கு அழகைக் கொடுத்தவர் ஃபோர்டின் மகன் எட்செல். 1939-இல் அவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக, வடிவமைப்பாளர் கிரெகரியைக் கொண்டு செய்வித்த ஒரே ஒரு காரிலிருந்துதான் காண்டினென்டல் என்ற லிங்கன் மாடல் பிறந்தது. டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்வருகிறேன். ரூஸ்வெல்ட் பயன்படுத்திய 1939 லிங்கனும், 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் கென்னடி அமர்ந்திருந்த 1961 காண்டினென்டலும் அங்கே நிற்கின்றன. கென்னடியின் காரில், சாலையோரத்தில் நிற்கும் மக்களுக்கு அவர் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, பின்னிருக்கையைச் சுமார் பத்து அங்குலம் உயர்த்தும் ஹைட்ராலிக் அமைப்பு வைத்திருந்தார்கள். அந்தக் காரின் முன்னால் நிற்கும்போது நான் ஓட்டுநர் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. டவுன் கார் என்ற பெயர்கூட, ஓட்டுநர் வெயிலிலும் மழையிலும் வெளியே அமர, பயணிகள் கூரையுள்ள அறைக்குள் அமரும் பழைய உடலமைப்பின் பெயர்தான். 1981-இல் தனி மாடலாகி, 1990-இல் புது வடிவம் பெற்று, விமான நிலைய வாடகைக்கும் திருமணங்களுக்கும் இறுதி ஊர்வலங்களுக்கும் ஓடி, 2011 ஆகஸ்டில் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் கடைசி வண்டி இறங்கியது வரை, இதை வாங்கியவர்களில் பெரும் பகுதியினர் பிறரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டியவர்களே.

இப்படிப்பட்ட வண்டிக்கு என் கண்முன்னே நடந்ததைச் சொல்கிறேன்.

ஏர் சஸ்பென்ஷனை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று டிக்கிக்குள் இருக்கிறது. வண்டியை ஜாக்கியிலோ லிஃப்டிலோ தூக்குவதற்கு முன் அதை அணைக்க வேண்டும் என்று கையேடு தெளிவாகச் சொல்கிறது. அணைக்காமல் தூக்கினால், சக்கரங்கள் தொங்கும்போது உடல் மிக உயரத்தில் இருப்பதாகச் சென்சார் தவறாகப் புரிந்துகொண்டு காற்றை வெளியேற்றிவிடும். பிறகு வண்டியைக் கீழே இறக்கும்போது, காற்றில்லாத ரப்பர் பை கோணலாக மடிந்து, அந்த மடிப்பிலேயே நசுங்கும். 2017 அக்டோபரில் டயர் மாற்றப் போன கடையில் சுவிட்சைப் பற்றி நானே இரண்டு முறை சொன்னேன். தலையசைத்தார்கள். காத்திருப்போர் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது வண்டி லிஃப்டில் ஏறியிருந்தது. டிக்கி திறக்கப்படவே இல்லை.

அந்த டிசம்பரில், இரவு நேராக நின்ற வண்டி காலையில் இடப்பக்கம் பின்னால் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. ஜனவரிக் குளிரில் ரப்பர் இறுகி, தாழ்வு நான்கு அங்குலமாயிற்று. வேலை நெருக்கடியில் இருந்த நான், வீட்டருகே இருந்த வேறொரு சர்வீஸ் நிலையத்தில் வண்டியை விட்டு, கசிவைச் சரிசெய்யுங்கள் என்றேன். மாலையில் போனபோது இரண்டு பைகளையும் எடுத்துவிட்டுச் சுருள்வில் போட்டிருந்தார்கள். இனி தொல்லையே இராது, அளவு அப்படியே பொருந்துகிறது என்றார்கள். எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க அதன் இணைப்பையும் பிடுங்கியிருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. கசிந்தது ஒரு பைதான். நல்ல நிலையில் இருந்த மற்றொன்றும் குப்பைக்குப் போய்விட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், சுருள்வில் மாற்றம் ஒரு குற்றமல்ல. ஆயிரக்கணக்கில் வாடகை வண்டிகளை ஓட்டியவர்கள் செலவுக்கு அஞ்சி அதைச் செய்திருக்கிறார்கள், அவர்களுடைய வண்டிகள் ஓடவும் செய்தன. கடைசிவரை பராமரிப்பே வேண்டாம் என்பவருக்கு அது ஏற்ற வழிதான். ஆனால் என் வண்டி காலியாக நின்றபோது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. முகப்பு விளக்கின் ஒளி சாலையில் இருபதடி முன்னதாகவே விழுந்தது. பாலத்து இணைப்புகளில் ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து ஒரு குத்து வந்தது. முதல் நாள் பிசியோதெரபி முடிந்து திரும்பும் வழியில் அம்மா, “என்னப்பா, இது நம்ம வண்டிதானா? வேற ஏதும் எடுத்துட்டு வந்துட்டியா?” என்று கேட்டார். மறுநாளிலிருந்து தலையணை திரும்பி வந்தது. அடுத்த வாரம் இரண்டாயிற்று. கதவுக்கு மேலுள்ள கைப்பிடியை அவர் இறுகப் பிடித்திருப்பதை உள்கண்ணாடியில் பார்த்தபடி பதினைந்து மாதங்கள் ஓட்டினேன்.

பொருந்துகிறது என்ற அந்தச் சொல்தான் என்னை இன்றும் சுடுகிறது. 1908-இல் லண்டனுக்கு அருகே உள்ள புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மூன்று கேடிலாக்குகளைத் துண்டு துண்டாகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்து, மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டி ஓட்டிக் காட்டினார்கள். பிரிட்டனின் மோட்டார் சங்கம் வழங்கும் டுவார் கோப்பை அந்த ஆண்டு அதற்காகவே கிடைத்தது. அது லேலண்டின் பட்டறை ஒழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு. எந்தப் பாகமும் தன் வேலையைச் சரியாகச் செய்யும் அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஓட்டைக்குள் நுழைந்துவிட்டால் போதும் என்பதல்ல.

2019 ஏப்ரலில், ஓய்வுபெற்ற பின்னும் தம் வீட்டுக் கொட்டகையில் இத்தகைய வண்டிகளை மட்டும் பார்க்கும் முதியவர் ஒருவரைக் கண்டுபிடித்தேன். புதிய பைகள், வால்வுகளின் ரப்பர் வளையங்கள், சென்சார் என ஒவ்வொன்றாகப் போட்டு, இணைப்புகளில் சோப்பு நீரைத் தூரிகையால் தடவி, நுரை குமிழிடுகிறதா என்று டார்ச் அடித்து அவர் பார்த்துக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பு சுருள்வில் போட்டவர்கள் காற்றுக் குழாய்களைப் பிரிக்காமல் வெட்டி எறிந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. குழாய் எட்டாததால், இடையில் இணைப்பான் வைத்து ஒட்டுப்போட வேண்டியிருந்தது. அன்று மாலை வண்டி ரீங்கரித்து எழுந்து நின்றதை அம்மா வாசலிலிருந்து பார்த்தார். தலையணைகள் மறுபடி வீட்டுக்குள் போயின.

ஆறு ஆண்டுகள் தாங்கிய அந்த ஒட்டு இந்தக் குளிர்காலத்தில் கசியத் தொடங்கியது. கசிவை ஈடுகட்ட ஓய்வில்லாமல் ஓடிய கம்ப்ரஸர் எரிந்துபோயிற்று. சென்ற வாரம் நான் செலவழித்த பணம், கணக்குப் பார்த்தால், எட்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ திறக்காமல் விட்ட ஒரு டிக்கிக்கான பணம்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வண்டியில் குறை என்று இதைச் சொல்லவில்லை. நான் ஏறிய எந்தப் புதிய காரிலும் இப்படியொரு பின்னிருக்கை இல்லை. என் வண்டியை விற்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனால் இதைத் தூக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். டயர் மாற்றினாலும் பிரேக் பார்த்தாலும் நீங்களே பக்கத்தில் நின்று சுவிட்சை அணைக்க வேண்டும். பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவும் ஊரில், துருப்பிடித்திருக்கிறதா என்று சட்டத்தின் அடிப்பக்கத்தை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். நகருக்குள் ஒரு காலனுக்குப் பதினேழு மைல்தான் கிடைக்கும். லிங்கனே 2020-இல் காண்டினென்டலையும் நிறுத்திவிட்டு, இங்கே எஸ்.யு.வி.க்களோடு நின்றுவிட்டது. ஓய்வு நேரம் குறைவான உங்களுக்கு இது மனவேதனையாகவே முடியும் என்று அஞ்சுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பார்க்கத்தான் போகிறேன் என்றால், அதிகாலையில், உரிமையாளர் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் போய்ச் சேருங்கள். பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் டேப் வைத்து அளந்து, எழுதிக்கொள்ளுங்கள். டிக்கியைத் திறந்து, சுவிட்ச் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் மனைவியையும் மாமனாரையும் பின்னால் அமரச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். ரீங்காரம் கேட்டு, உடல் எழுந்து, இருபுறமும் ஒரே அளவில் நின்றால், விலையைப் பேசுவதற்கு முன் என்னை ஒருமுறை அழையுங்கள். அந்த முதியவரின் எண்ணைத் தருகிறேன்.