மதுரை காளவாசலில் இரண்டு நாள், 2,400 ரூபாய்: தலைமை ஆசிரியர் பட்டறைக்குப் போய் வந்த கதை

முதலில் பட்டறையில் கொடுத்த பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீல நிறம், தோளில் மாட்டுகிற வகை, மேலே நிறுவனத்தின் முத்திரை. ஊருக்குத் திரும்பும்போது பஸ் செக்கானூரணி தாண்டுவதற்குள் ஜிப் பல்லை இளித்துவிட்டது. உள்ளே ஒரு பேனா, ஒரு நோட்டு, 11 பக்கத்தில் ஒரு 'செயல்திட்டப் படிவம்'. பேனா நன்றாக எழுதுகிறது. படிவத்தைப் பற்றி அப்புறம்.

நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. பெயர் போட்டால் ஒன்று விளம்பரமாகும், இல்லை வசையாகும். தலைமை ஆசிரியர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பட்டறை நடத்துகிறவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படி ஒன்றுக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தலைமை ஆசிரியை. 27 வருட சர்வீஸ். ஈராசிரியர் பள்ளி, 38 பிள்ளைகள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இன்னொரு டீச்சர், நான்கும் ஐந்தும் நான். அரசுப் பயிற்சிக்குக் குறைச்சல் இல்லை. அட்டைகளை வைத்துப் பிள்ளை தன் வேகத்தில் படிக்கிற செயல்வழிக் கற்றல் 2007இல் எங்கள் பக்கம் வந்தபோது பாயில் உட்கார்ந்து அட்டை அடுக்கியிருக்கிறேன். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியில் விதை போட்டு, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் முளைத்து, எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது அது. அப்புறம் எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர், 2012இல் வருடத்தை மூன்றாகப் பிரித்த முப்பருவம், 2022இல் சின்ன வகுப்புகளின் வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம். எல்லாவற்றுக்கும் பயிற்சி உண்டு. ஆனால் அவை எல்லாமே புதிதாக ஒன்று வரும்போது, அதை எப்படிச் செய்வது என்று சொல்லித் தருபவை. ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதை நான் எப்படிச் செய்கிறேன் என்று பார்க்கச் சொன்னவர் யாருமில்லை. 'உங்கள் வகுப்பறையை நீங்களே பாருங்கள்' என்று இவர்களுடைய அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் பணம் கட்டினேன். சனி, ஞாயிறு என்பதால் தற்செயல் விடுப்பும் மிச்சம்.

இடம் வசதிதான். தேனி ரோட்டில் வருகிறவர்கள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் வரை போகாமல் காளவாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஏ.சி. ஹால், 40 பேர், கழிப்பறை சுத்தம். சாப்பாடு முதல் நாள் நன்று, இரண்டாம் நாள் அதே சாம்பார்.

முதல் நாள் காலை முழுவதும் வீண். கோட்டு போட்ட ஒரு தம்பி வந்து மூன்று மணி நேரம் திரையில் படம் ஓட்டினார். பேச்சில் குறை சொல்ல முடியாது, யாரையும் தூங்கவிடவில்லை. ஆனால் அவர் மனதில் இருந்த பள்ளிக்கூடத்தில் நாலு மாடி, துறைக்கு ஒரு தலைவர், வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டி. "உங்கள் லீடர்ஷிப் டீமை வாரம் ஒருமுறை உட்கார வையுங்கள்" என்றார். என் டீம் என்றால் நான், இன்னொரு டீச்சர், சத்துணவு அமைப்பாளர் அக்கா. நாங்கள் மூன்று பேரும் தினமும் மதியம் ஒன்றாகத்தான் உட்காருகிறோம், முட்டை எண்ணுவதற்கு. பக்கத்தில் இருந்த திருமங்கலத்து சார் கை தூக்கி, "இருக்கிற ரெண்டு பேரில் ஓர் ஆசிரியர் விடுப்பு எடுத்தால் மிச்ச வகுப்பை என்ன செய்வது, அதைச் சொல்லுங்க தம்பி" என்றார். தம்பி சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

மதியத்துக்கு மேல்தான் பணத்துக்கு வேலை ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். பருத்திப் புடவை, கையில் காகிதம்கூட இல்லை. வருவதற்கு ஒரு வாரம் முன்பே எங்களிடம் ஒன்று கேட்டிருந்தார்கள்: சொந்த வகுப்பு ஒன்றைச் செல்பேசியில் 15 நிமிடம் குரல் பதிவு செய்து கொண்டுவர வேண்டும். 40 பேரில் கொண்டுவந்தது 17 பேர். நான் நான்காம் வகுப்புப் பின்னப் பாடத்தைப் பதிவு செய்திருந்தேன். போனை மேசையில் வைத்தால் பிள்ளைகள் அதையே பார்ப்பார்கள் என்று பீரோ மேல் வைத்திருந்தேன்.

காதில் இயர்போன் மாட்டி, அவரவர் பதிவை அவரவரே கேட்க வேண்டும். நான் எத்தனை கேள்வி கேட்டேன், பதில் சொன்னது யார், கேள்விக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் கோடு போட்டுக் கணக்கு எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. என் குரலை நானே கேட்பது முதல் ஐந்து நிமிடம் பெரும் அவஸ்தை. இவ்வளவு கத்துகிறேனா?

15 நிமிடத்தில் 43 கேள்வி கேட்டிருக்கிறேன். அதில் 19க்குப் பதிலும் நானே. மீதியில் பாதிக்கு மேல் எப்போதும் முந்திக்கொள்கிற இரண்டு பையன்கள். நான் காத்திருந்த நேரத்தை அளக்கவே முடியவில்லை. கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டே பதில் வந்துவிடுகிறது.

அப்போதுதான் அந்த ஓய்வு பெற்ற ஆசிரியை மேரி பட் ரோ பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை 1970களில் பதிவு செய்து ஆராய்ந்தவர். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அவர் கண்டுபிடித்தார். அதையே மூன்று நொடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, 'தெரியாது' என்பது குறைகிறது, வாயே திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பிக்கிறார்கள். பிள்ளை பதில் சொன்ன பிறகும் மூன்று நொடி சும்மா இருக்க வேண்டுமாம். 'சரி', 'வெரி குட்' என்று உடனே பாய்ந்தால், அவர்கள் இன்னும் சொல்ல நினைத்தது உள்ளேயே நின்றுவிடும். இதைக் காலையில் அந்தத் தம்பி படத்தில் போட்டுக் காட்டியிருந்தால் நோட்டில் எழுதிவிட்டு மறந்திருப்பேன். என் 19ஐப் பார்த்த பிறகு கேட்டதால் உறைத்தது.

இன்னொன்றும் நடந்தது. பதிவின் ஒன்பதாவது நிமிடம். ஒரு ரொட்டியை நாலாக வெட்டி ஒரு துண்டு, அதே ரொட்டியை எட்டாக வெட்டினால் அதே அளவுக்கு எத்தனை துண்டு வேண்டும் என்று கேட்கிறேன். கேட்டு முடித்த மறுகணம் "ரெண்டு" என்று நானே சொல்கிறேன். அதற்கு அடியில், மின்விசிறிச் சத்தத்துக்கும் கீழே, ஒரு சின்னக் குரலும் "ரெண்டு" என்கிறது. மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். ஜன்னல் ஓரம் உட்காருகிற பிள்ளையின் குரல். கணக்கில் பின்தங்கியவள் என்று என் குறிப்பேட்டில் நானே எழுதி வைத்திருக்கிற பிள்ளை. இயர்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். அந்த அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

இரண்டாம் நாள் ஜப்பானியப் பாட ஆய்வு முறை. அங்கே நூறு வருடத்துக்கு மேலான பழக்கம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் சுற்றி நின்று பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பெடுப்பார்கள், பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். நடத்துகிறவரை மதிப்பிடுவது இல்லை, பாடத்தைத்தான் அலசுவது.

எங்கள் குழுவுக்குக் கிடைத்தது 52-இலிருந்து 27-ஐக் கழிப்பது. ஆறு பேர், ஒரு கழித்தல் கணக்கைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். வெளியாள் கேட்டால் சிரிப்பார். எங்களுக்கு நேரம் போதவில்லை. பிள்ளைகள் ஏன் 35 என்று எழுதுகிறார்கள்? இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து போடுகிறார்கள். பெரிதிலிருந்து சிறிது என்று நாம்தானே ஒன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தோம். உதவிபெறும் பள்ளியிலிருந்து வந்திருந்த டீச்சர் ஒருவர் கேட்டார்: "கடன் வாங்குறோம் கடன் வாங்குறோம்னு சொல்றோமே, என்னைக்காவது திருப்பிக் கொடுத்திருக்கோமா?" நியாயம்தான். கடன் என்று சொல்லாமல், குச்சிக் கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றுவது என்று வைத்துக்கொண்டோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஒரு கட்டை அவிழ்த்தால் நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. 52 அப்படியே 52தான் இருக்கிறது, அதைப் பிள்ளை தன் கையால் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். குச்சிக் கட்டு நமக்குப் புதிதல்ல. அவிழ்த்த பிறகும் 52தானா என்று பிள்ளையை எண்ணச் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்குத் தோன்றாமல் இருந்தது.

ஆனால் நிகழ்ச்சியின் பெரிய ஓட்டையும் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இல்லை. நாங்களே பிள்ளைகளாக நடிக்க வேண்டும். பிள்ளைகளைக் கவனிப்பதுதான் அந்த முறையின் உயிர். அதை எடுத்துவிட்டு ஐம்பது வயது ஆட்களை மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் என்ன தெரியும்? எல்லோரும் டக்கென்று 25 சொன்னோம். திருமங்கலத்து சார்தான் காப்பாற்றினார். தன் வகுப்புப் பையன் ஒருவனை அப்படியே செய்து காட்டினார்: தலையைச் சொறிந்து, பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்து, "முப்பத்தஞ்சு டீச்சர்" என்றார். கட்டை அவிழ்த்த பிறகும், "அப்ப அம்பத்திரண்டு எங்க போச்சு?" என்று விடாமல் கேட்டார். அந்த ஹாலில் நிஜமான மாணவர் அவர் ஒருவர்தான். ஒரு வேலை நாளில், பக்கத்துப் பள்ளி ஒன்றில் அனுமதி வாங்கி நடத்தியிருந்தால் 2,400 என்ன, 4,000கூடக் கொடுக்கலாம்.

மிச்சக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த 11 பக்கப் படிவத்தில் 'தொலைநோக்கு' என்று மட்டும் மூன்று பக்கம், நிரப்பியவர் யாரையும் நான் பார்க்கவில்லை. சான்றிதழில் என் இனிஷியல் தப்பு, திருத்தித் தரச் சொல்லி இரண்டு தடவை கேட்டாயிற்று. மூன்று மாதம் தொடர்ந்து உதவி என்றார்கள். உதவி என்பது வாட்ஸ்அப் குழு, அதில் வருவது இரண்டாம் கட்டப் பயிற்சிக்கான விளம்பரம், 6,500 ரூபாய். அந்த ஓய்வு பெற்ற ஆசிரியையின் எண்ணைக் கேட்டேன், தரவில்லை.

பள்ளியில் என்ன மாறியது என்றுதானே கேட்பீர்கள்? நாலு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு பாடவேளையில் 20 நிமிடம், நானும் எங்கள் டீச்சரும் மாறி மாறி அடுத்தவர் வகுப்பின் பின்னால் உட்காருகிறோம். ஈராசிரியர் பள்ளியில் இதற்கு ஒரு வித்தை வேண்டும். என் வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்து, கண்ணில் படுகிற மாதிரி வராண்டாவில் உட்கார வைத்துவிட்டுத்தான் போகிறேன். சில வெள்ளி அதுவும் நடப்பதில்லை. ஆசிரியர் செய்ததை எழுதக் கூடாது, பிள்ளைகள் செய்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது ஒரே விதி.

முதல் தடவை நோட்டோடு போனபோது எங்கள் டீச்சரின் முகம் மாறிவிட்டது. "டீச்சர், ரிப்போர்ட் எதுவும் எழுதுறீங்களா?" என்றாள். தலைமை ஆசிரியர் நோட்டோடு வந்தால் வேறு என்ன நினைப்பாள்? நோட்டை மூடிவிட்டு, அடுத்த மூன்று வாரம் அவளையே என் வகுப்பில் உட்காரச் சொன்னேன். அவள் எழுதியதில் ஒரு வரி: 'இடப்பக்க வரிசையில் 20 நிமிடத்தில் யாரும் பேசவில்லை.' ஜன்னல் இருப்பது இடப்பக்கம்தான். அதன் பிறகு அவள் வகுப்பில் நான் உட்கார்ந்தேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிரிக்கிற அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் (மேல் நிலை) என்று மூன்று நிலைப் பிள்ளைகளும் அந்த ஒரே அறையில். அரும்புக் குழுவில் ஒரு குட்டி, மலர்க் குழு வாசிப்பதைக் கேட்டு முழுக் கதையையும் மனப்பாடமாகச் சொல்கிறான், எழுத்தைக் காட்டினால் மட்டும் முழிக்கிறான். நடத்திக்கொண்டிருந்த அவளுக்கு அது தெரிய வழியே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது.

ஐந்துக்கு எத்தனை என்றால், முதல் நாள் காலைக்குப் பூஜ்யம், மதியத்துக்கு ஐந்து, இரண்டாம் நாளுக்கு மூன்று. சின்னப் பள்ளிக்காரர்கள் போகலாம், குரல் பதிவு இல்லாமல் மட்டும் போகாதீர்கள். பதிவு கொண்டுவராத 23 பேர் அன்று மதியம் டீ குடித்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். போக முடியாதவர்கள் தங்கள் வகுப்பிலேயே செய்யலாம்: பீரோ மேல் போன், 15 நிமிடம், மின்விசிறியை மட்டும் அந்த நேரம் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் கட்டத்துக்கு நான் போகவில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தில் இந்தப் பதிவு வேலைக்கு அரை மணி நேரம் கேட்டிருந்தேன், அடுத்த மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதிவு கொண்டுவர இதுவரை ஒப்புக்கொண்டது மூன்று பேர். அதில் ஒருவர், "நான் மட்டும் தனியாக் கேட்டுக்கிறேன், யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன்" என்று நிபந்தனை போட்டிருக்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.