முதல் தோற்கருவி: மட்டக்களப்பில் வாங்குவோருக்கு மிருதங்கமும் ஜெம்பேயும்

கையால் வாசிக்கும் தோற்கருவி ஒன்றை முதன்முதலாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கடையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, விலையையும் கேட்டுவிட்டு முடிவெடுத்து விடுகிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் வசிப்பவர்கள் அதற்கு முன்பாகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தத் தோல் தளர்ந்தால் யார் இறுக்குவார், கிழிந்தால் யார் மாற்றுவார்? நான் நெடுநாளாக வாசித்துவரும் நட்டு போல்ட் மிருதங்கத்தையும், பிற்பாடு வாங்கிய, வாய் 12 அங்குலம் உள்ள ஜெம்பே எனும் கோப்பை வடிவப் பறையையும் இந்தக் கேள்வியை வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

இக்கேள்விக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் எங்கள் காலநிலை. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஊர்களில் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. கார்த்திகை, மார்கழி மாரியில் தோல் அந்த ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்து, சுருதி தானாகவே இறங்கிவிடும். கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் அதே தோல் காய்ந்து இறுகி, சுருதி ஏறும். கவனிக்காமல் விட்டால் ஓரத்தில் வெடிப்பும் காணும். கருவி எந்த நாட்டில் செய்யப்பட்டிருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், இயற்கைத் தோல் பூட்டியிருந்தால் இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து தப்ப முடியாது. கூத்தைப் பழக்கும் ஆசானாக மத்தளம் அடிக்கும் அண்ணாவியார் ஒருவர், "மாரிக்குள்ள வெளியில வைச்சு அடியாத மனே, தோல் இழுபட்டுப் போகும்" என்று எனக்குச் சொன்னது இதைத்தான்.

மிருதங்கத்தில் இரண்டு வகை விற்பனைக்கு வருகிறது. தோல் வாரால் இழுத்துக் கட்டியது ஒன்று. இரும்புக் கம்பிகளையும் நட்டு போல்ட்டையும் கொண்டு இறுக்குவது மற்றொன்று. வார் மிருதங்கத்தின் நாதம் செழுமையானது என்று ஆசிரியர்கள் சொல்வதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். கச்சேரி மேடையில் அந்த வேறுபாடு தெளிவாகவே கேட்கும். ஆனால் வார் தளர்ந்தால் அதை மறுபடி இழுத்துக் கட்டுவதற்குப் பழகிய கையும் உடல் வலுவும் தேவை. மூட்டின், அதாவது வாயில் பூட்டிய தோல் தட்டின் ஓரத்தைக் கல்லாலும் கட்டையாலும் மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும் என்பதை எவரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். வார் கோத்த 16 கண்களிலும் ஒரே சுருதியைக் கொண்டுவருவதற்கோ தேர்ந்த செவி வேண்டும், அந்தச் செவி தொடக்க மாணவரிடம் இன்னும் உருவாகியிருக்காது. ஆசிரியரின் அடுத்த வகுப்பு வரும்வரை சுருதி கலைந்த கருவியிலேயே "தத்தித் தொம் நம்" சொல்லிப் பழகும் பிள்ளையின் காது, அந்தக் கலைந்த ஒலியையே சரியென்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதற் கருவியாக நட்டு போல்ட் மிருதங்கத்தையே நான் பரிந்துரைக்கிறேன். ஒரு சாவியை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பெருமளவு சரிசெய்துகொள்ள முடிகிறது. அதன் குறை பாரம். பேருந்தில் வகுப்புக்குக் கொண்டுபோகும் சிறுவருக்கு அது உண்மையிலேயே சிரமம்.

நீளத்தையும் யோசித்தே வாங்க வேண்டும். ஏறத்தாழ 22 அங்குல மிருதங்கம் உயர்ந்த சுருதிக்கு, அதாவது பெரும்பாலும் பெண் குரல்களுக்குப் பொருந்தும். 24 அங்குலக் கருவி தாழ்ந்த சுருதிக்கு உரியது. பாட்டு வகுப்பும் மிருதங்க வகுப்பும் ஒரே வீட்டில் நடக்குமானால், பாடுபவரின் கட்டையை, அதாவது அவர் பாடும் சுருதியைக் கேட்டு அறிந்த பிறகு கடைக்குப் போவது நல்லது. சிறு பிள்ளைகளுக்கு நீளம் குறைந்ததே கைக்கு எட்டும்.

கடையில் வலந்தலையை, அதாவது வலக்கையால் வாசிக்கும் பக்கத்தைச் சோதிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பணம் வீணாகும் இடம் இதுதான். மோதிர விரலை நடுவிலுள்ள கறுப்பு வட்டமான கரணையின் விளிம்பில் மெல்லத் தொட்டு வைத்து, சுட்டு விரலால் ஓரத்துத் தோல் வளையமான மீட்டில் அடித்து "நம்" எழுப்புங்கள். பிறகு கருவியைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, நான்கு திசைகளிலும் அதே அடியைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுருதி இறங்கினால் தட்டிச் சரிசெய்யலாம். எல்லாப் பக்கமும் ஒலி நீளாமல் அடங்கிப் போனால் அந்த மூட்டு பழையது அல்லது மோசமாகப் பூட்டப்பட்டது. அடுத்து, கரணையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கல்லின் தூளும் சோறும் சேர்த்துப் படைபடையாகத் தேய்த்து ஏற்றிய அந்தக் கறுப்பில் மயிரிழை போன்ற நுண் வெடிப்புகள் இருப்பது இயல்பு, இருக்கவும் வேண்டும். விரல் நுனியால் வருடும்போது தூள் உதிர்ந்தால் மாத்திரம் வேறொன்றைக் கேளுங்கள். உடல் பலாமரமாக இருக்கட்டும். இரு வாய்களும் மூடியிருப்பதால் உள்ளே பார்க்க வழியில்லை. எனவே வயிறு பருத்த இடத்தில் வெடிப்பை மறைத்துப் பசையும் பொலிஷும் பூசியிருக்கிறதா என்று கையால் தடவி அறிய வேண்டும். இடக்கையால் வாசிக்கும் தொப்பிப் பக்கத்துக்கு ரவை பூசினால்தான் கும்கி எனும் ஆழ்ந்த நாதம் எழும் என்பதால், கடையில் அந்தப் பக்கம் மந்தமாகக் கேட்பதை வைத்துக் கருவியை ஒதுக்க வேண்டாம்.

ஜெம்பே மேற்கு ஆபிரிக்காவின் மண்டே மக்களுடைய கருவி. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பல இந்தோனேசியாவில் செய்யப்படுபவை. குழுவாகச் சேர்ந்து பாடுபவர்களுக்கும், சாஸ்திரியப் பயிற்சிக்குள் போகாமல் தாளத்தோடு பழக விரும்புபவர்களுக்கும் இதைவிட அன்பாக வரவேற்கும் கருவி வேறில்லை என்பது என் எண்ணம். நடுவில் உள்ளங்கையால் அடிக்கும் ஆழ்ந்த ஒலி, ஓரத்தில் விரல்களைச் சேர்த்து அடிக்கும் தெளிந்த ஒலி, விரல்களைத் தளர்த்தி வீசும் கூரிய ஒலி ஆகிய மூன்றையும் பிரித்தெடுக்கப் பழகினாலே பாடலோடு சேர்ந்துகொள்ளலாம். ஆனால் வாய் 8 அங்குலமே உள்ள, வர்ணம் தீட்டிய சிறு ஜெம்பேகளில் இந்த மூன்றும் பிரிவதில்லை. அவை அன்பளிப்புக்கு அழகானவை, பயிற்சிக்கு உதவாதவை. வளர்ந்தவர்கள் 12 அங்குலத்துக்குக் குறைந்ததை வாங்கக் கூடாது.

ஜெம்பேயைச் சோதிக்கும்போது அடிவாய் தரையில் பதிய நிமிர்த்தி வைத்து அடித்தால் ஆழ்ந்த ஒலி வெளியேற வழியின்றி அடைபட்டுவிடும். கால்களுக்கிடையில் பிடித்து, முன்புறம் சாய்த்து, அடிவாயைத் திறந்து விட்டு அடிக்க வேண்டும். ஆட்டின் முதுகெலும்புக் கோடு தோலில் மங்கலாகத் தெரியும். அது வாயின் நடுவாக ஓடினால் இரு பக்கமும் இழுவை சமமாக இருக்கும். கயிறு பஞ்சுபோல் பிசிறியிருந்தால் வாங்காதீர்கள், ஏனெனில் சுருதி ஏற்றுவது முழுவதும் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. நிமிர்ந்து ஓடும் கயிறுகளுக்கிடையில் மிச்சக் கயிற்றைக் கோத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னி இழுக்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். ஆயினும் அதை நேரில் செய்து காட்டும் ஆளை இங்கே தேடிக் கண்டுபிடிக்க எனக்கு வெகு நாள் சென்றது. முதல் மாரியிலேயே என் ஜெம்பேயின் கூரிய ஒலி முற்றாக மறைந்து போயிற்று. இன்று வாங்குவதாயின் செயற்கைத் தோலும் இரும்புத் திருகும் உள்ள வகையையே தேர்வேன். அதன் ஓசையில் ஆட்டுத்தோலின் இதம் இல்லை; ஆனால் மழைக்காலத்திலும் வாசிக்க முடியும்.

கஞ்சிரா எனும் சிறு வட்டப் பறையைத் தொடக்கக் கருவியாக நான் சொல்லமாட்டேன். ஒரு கை பிடித்திருக்க, மறு கையால் மட்டுமே எல்லாச் சொற்களையும் எழுப்ப வேண்டிய கருவி அது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அதைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தினார் என்றால், அதற்குப் பின்னால் இருந்த உழைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். மரபாகப் போர்த்தப்படும் உடும்புத்தோலும் வேண்டாம், உடும்பு இலங்கையிலும் இந்தியாவிலும் சட்டத்தால் பாதுகாக்கப்படும் உயிரினம். பெரு நாட்டில் ஆபிரிக்க வழிவந்தோர் உருவாக்கிய காஹோன் எனும் தட்டி வாசிக்கும் மரப்பெட்டிக்குத் தோலே இல்லை என்பதால் ஈரத்தால் சுருதி இறங்கும் தொல்லை அதற்கு இல்லை.

எங்கள் மண்ணின் கருவிகளையும் இங்கு சொல்லியாக வேண்டும். வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் மத்தளமும், கண்ணகி அம்மன் கோயில்களில் காவியத்தோடு ஒலிக்கும் உடுக்கும், முஸ்லிம் ஊர்களில் பக்கீர்மார் பாடும் பைத்துக்கு இசையும் தாயிரா எனும் வட்டப் பறையும் கடையில் வாங்கி வீட்டிலிருந்து தனியே பழகுபவை அல்ல. அவற்றைக் கூத்தாடும் களரியிலும் கோயிலிலும் மூத்தவர்களின் பக்கத்தில் இருந்தே கற்க வேண்டும். அந்த வழியில் போக விரும்புபவர் பணத்தைச் செலவழிக்குமுன் அண்ணாவியாரிடம் போய்க் கேட்பதே முறை. கருவியை எங்கே பெறுவது, தோலை யார் மூட்டுவது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மிருதங்கத்தை முறையாகக் கற்க விரும்புபவர்கள், கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பயின்று வெளியேறிய ஆசிரியர்கள் தங்கள் ஊரில் இருக்கிறார்களா என்று விசாரிக்கலாம். வாங்கப் போகும்போது அந்த ஆசிரியரையே கூட்டிச் செல்ல முடியுமானால் நான் மேலே எழுதிய சோதனைகளில் பாதி தேவைப்படாது.

பராமரிப்பில் இரண்டு காரியங்கள் போதும். வாசித்து முடித்ததும் தொப்பியிலுள்ள ரவையை முழுதாக வழித்துத் துடைத்துவிட வேண்டும். காய விட்டால் தோலைக் கடித்துக்கொள்ளும், எறும்பும் வரும். மாரிக் காலத்தில் கருவியைச் சீமெந்துத் தரையிலோ சுவரோடு சாய்த்தோ வைக்காமல், துணி உறையிட்டு மேசை மீது வைக்க வேண்டும். ஈரம் போக்குவதற்காக வெயிலில் காய விடக் கூடாது. வாங்கும் அன்றே வலந்தலை வாயின் விட்டத்தை அளந்து குறித்துக்கொண்டு, அதே அளவில் மாற்று மூட்டு ஒன்று எடுத்துத் தர முடியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முடியாது என்று அவர் சொன்னால், அந்தக் கருவி எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் வேறு கடை பார்ப்பதே நல்லது.