திக்காலுக்கு எங்கே தங்குவது: சான் இக்னாசியோவா, ஃப்ளோரெஸா?

மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில், பழங்கால மாய இன மக்களின் கோயில் நகரமான திக்காலைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் வரும் குழப்பம், எந்த ஊரில் பெட்டியை இறக்கிவைப்பது என்பதுதான். பெலிஸ் நாட்டில் சான் இக்னாசியோ. எல்லையைத் தாண்டினால் குவாத்தமாலாவின் ஃப்ளோரெஸ். இரண்டும் கடலை விட்டு உள்ளே, காட்டை ஒட்டிய சிற்றூர்கள். இடையே சாலை வழியில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

பேச்சு எளிது என்பதற்காகவே பலர் சான் இக்னாசியோவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெலிஸின் ஆட்சிமொழி ஆங்கிலம். பணக் கணக்கும் சுலபம்: இரண்டு பெலிஸ் டாலர், ஓர் அமெரிக்க டாலர். ஆனால் அண்டை நாட்டைவிட எல்லாமே விலை கூடுதல். சாப்பாட்டில் நமக்குச் சங்கடமில்லை. சோற்றையும் பயறையும் தேங்காய்ப்பாலில் சேர்த்து வேகவைத்துத் தருகிறார்கள்.

ஊரின் மேட்டிலேயே காஹல் பெச் என்ற மாயர் இடிபாடு இருக்கிறது. பெயருக்கு ‘உண்ணிகளின் இடம்’ என்று பொருள். சுற்றிலும் மாடு மேய்ந்த காலத்தில் வைத்த பெயர். சற்றுத் தொலைவில் ஷுனான்துனிச் என்ற இன்னொரு மாயர் நகரம், அங்கே சுமார் 40 மீட்டர் உயர எல் காஸ்தியோ பிரமிடு. இவை இரண்டையும்விட என்னை இழுப்பது ஆக்துன் துனிச்சில் முக்னால் குகைதான். தலைக்கவசமும் விளக்கும் மாட்டிக்கொண்டு, ஆற்று நீரில் நடந்தும் இடையிடையே நீந்தியும் உள்ளே போக வேண்டும். மேல்தளத்தில் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்தால், மாயர் காலத்தில் பலியிடப்பட்டவர்களின் எலும்புகள் சுண்ணாம்புப் படிவம் ஏறி மின்னுகின்றன. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அனுமதி இல்லை. பயணி ஒருவர் கேமராவைத் தவறவிட்டு ஒரு மண்டையோட்டை உடைத்த பிறகு, 2012 முதல் கேமராவுக்கும் தடை. மழை வலுத்தால் குகையை மூடிவிடுவார்கள் என்பதால், பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே போவது நல்லது.

ஃப்ளோரெஸ், பெத்தேன் இட்ஸா ஏரிக்குள் இருக்கும் குட்டித் தீவு. தரைப்பாலம் ஒன்று கரையோடு இணைக்கிறது. 1697 வரை ஸ்பானியர்களுக்குப் பணியாமல் நின்ற இட்ஸா மாயர்களின் தலைநகர் இருந்த இடம் இதுதான். அந்தப் பழைய நகரின் சுவடு இன்று கண்ணில் படாது. அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். மாலையில் ஏரிக்கரையில் உட்காரலாம். ஊர் என்ற அளவில் சான் இக்னாசியோவுக்கு ஈடாகாது.

ஆனாலும் ஃப்ளோரெஸிலிருந்து திக்கால் சுமார் 65 கிலோமீட்டரில் இருக்கிறதே! சான் இக்னாசியோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலாக்களை விற்கிறார்கள். நான் அதை வாங்க மாட்டேன். எல்லையில் இரண்டு முறை வரிசை, வேனில் ஐந்து மணி நேரத்துக்கு மேல், மிச்சமிருப்பது உச்சிவெயில். திக்காலைச் சூழ்ந்த காடு உயிரோடு இருப்பது விடியலிலும் அந்தியிலும்தான். ஹௌலர் குரங்குகளின் உறுமலை முதன்முறை கேட்பவர்கள் சிறுத்தை என்றே நினைப்பார்கள். 60 மீட்டருக்கு மேல் உயர்ந்த நான்காம் கோயிலுக்கு மரப்படிகளில் ஏறினால், பச்சைக் கூரைக்கு மேல் மற்றக் கோயில்களின் முகடுகள் மட்டும் தெரியும். அதைப் பார்க்கப் பூங்காவுக்குள் உள்ள விடுதியிலோ, ஏரியின் கிழக்கு முனையில் உள்ள எல் ரெமாத்தேயிலோ ஓர் இரவாவது தங்க வேண்டும்.

மெக்சிகோவில் உள்ள மாயர் நகரமான பலென்கேயையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். 1952இல் அதை ஆண்ட பக்கால் மன்னனின் கல்லறை கண்டெடுக்கப்பட்ட இடம். சிற்ப வேலைப்பாட்டில் திக்காலையே மிஞ்சும். ஆனால் இந்த வழியில் அது சேராது. அதற்குத் தனிப் பயணம் வேண்டும்.

எனவே என் வரிசை இது: குகைக்காகச் சான் இக்னாசியோவில் மூன்று இரவு, காலையில் எல்லையைக் கடந்து திக்காலில் ஓர் இரவு, கடைசியாக ஃப்ளோரெஸில் ஒன்று. அங்கிருந்து குவாத்தமாலா நகருக்கு விமானம் உண்டு; வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதில்லை.