எங்கள் ஊர் அரசுப் பள்ளி: படிப்புக்கு ஐந்து நட்சத்திரம், கட்டடத்துக்கு இரண்டு

என் மகள் இங்கே நான்காம் வகுப்பு படிக்கிறாள். நான் இருபது வருடமாகக் கட்டட மேஸ்திரி. அதனால் கட்டடத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதுவேன். படிப்பில் குறையே இல்லை. போன வருடமே நாளிதழை எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள்.

ரோட்டுப் பக்கம் இருப்பது பழைய ஓட்டுக் கட்டடம். ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரை. கரையான் அரித்த சட்டம் நாலைந்து, உடைந்த ஓடு கொஞ்சம். அவற்றை மாற்றினால் இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். சித்திரை வெயிலில் உள்ளே நின்று பாருங்கள், அவ்வளவு குளுமை. இதை இடிக்கவே கூடாது.

எனக்குப் பயமெல்லாம் பின்னால் உள்ள கான்கிரீட் கட்டடத்தில்தான். ஊரில் அதைத்தான் புதுக் கட்டடம் என்பார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போன அன்று ஒட்டடைக் கம்பால் சீலிங்கைத் தட்டிப் பார்த்தேன். நல்ல தளம் என்றால் கணீரென்று கேட்கும். இங்கே பொத்துப் பொத்தென்றது. ஒரு மூலையில் காரை விழுந்து கம்பி தெரிகிறது. அதற்கு நேர் கீழே டெஸ்க்கில் துரு ஏடு ஏடாக உதிர்ந்து கிடந்தது. பிள்ளைகள் அதைக் கையால் துடைத்துவிட்டு எழுதுகிறார்கள்.

மாடியில் தேங்கிய மழைநீர் உள்ளே இறங்கியிருக்கிறது. கம்பி துருப்பிடித்தால் ஊதும், கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். முன்பு ஒரு முறை சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்தார்கள், இரண்டு ஐப்பசிகூடத் தாங்கவில்லை. துருவை அப்படியே விட்டுவிட்டு மேலே எத்தனை தடவை பூசினாலும் விழத்தான் செய்யும். இவ்வளவு தூரம் கெட்ட தளத்தை இடித்துத்தான் கட்ட வேண்டும்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்த செய்தி வந்தபோது நான் சாரத்தில் நின்றிருந்தேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அதன் பிறகு பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. 2022-இல் அரசுப் பள்ளிகளுக்குப் புதுக் கட்டடம் கட்ட ‘பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்’ என்ற ஒன்றைத் தமிழக அரசு அறிவித்தது, 5 ஆண்டுக்கு 7,000 கோடி ரூபாய். அதில் எங்கள் பள்ளியும் இடம்பெற வேண்டும்.

பிள்ளையை இங்கே சேர்க்கலாமா என்றால், தாராளமாகச் சேருங்கள். சரி, அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் வந்துவிடுங்கள். மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்து வேண்டும்.