பீஸ் ரேட்டா, ஷிப்டா? ஓர் ஓவர்லாக் டெய்லரின் கணக்கு

திருப்பூரில் டெய்லர் வேலை தேடிப் போனால் முதலில் வரும் கேள்வி இதுதான்: தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டா, எட்டு மணி நேர ஷிப்டுக்கு இவ்வளவு என்ற சம்பளமா? நான் ஆறு வருடம் ஒரு பவர் டேபிளில், அதாவது பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டில், பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் (துணி ஓரத்தை வெட்டித் தைக்கும் மெஷின்) ஓட்டினேன். அப்புறம் நான்கு வருடமாக எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்ட் சம்பளம். என் ஓட்டு ஷிப்டுக்குத்தான்.

பீஸ் ரேட்டின் நல்லது எல்லோருக்கும் தெரியும். கை வேகம் இருந்தால் காசு. சூப்பர்வைசர் பின்னால் நின்று கத்த மாட்டார். பிள்ளையின் பள்ளியில் கூட்டம் என்றால் இரண்டு மணி நேரம் போய்வரலாம். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் சனிக்கிழமை நான் வாங்கிய கூலியை இன்றைய சம்பளம் இதுவரை எட்டியதில்லை.

ஆனால் அது தீபாவளிக் கணக்கு. மெஷின் சும்மா நிற்கும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? நான் மாறியதற்குக் காரணம் இந்த ஒரு கேள்விதான்.

காலை எட்டரைக்குப் போய் உட்கார்ந்தால் கட்டிங் (தைக்க வேண்டிய வெட்டிய துணி) வந்திருக்காது. "மத்தியானத்துக்குள்ள வந்துரும் அம்மிணி" என்பார் ஓனர். கட்டிங் வந்தால் அந்த கலருக்கு நூல் இருக்காது. ஸ்டைல் மாறினால் கை பழக இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பாதிக் கூலி. செக்கிங்கில் திரும்பி வரும் ஆல்ட்டர் பீஸைப் பிரித்துத் தைப்பதற்குக் காசே கிடையாது. ஓனரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவருக்கும் பனியன் கம்பெனி டஜன் கணக்கில்தான் காசு கொடுக்கிறது. மேலேயிருந்து இறங்கி வரும் நஷ்டம் கடைசியில் மெஷினில் உட்கார்ந்திருப்பவள் மடியில் வந்து விழும். ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். 26 நாளில் முழுசாக ஓடியது 17 நாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஷிப்டில் நூல் வராதது கம்பெனியின் கவலை. நான் உட்கார்ந்திருந்தாலும் ஷிப்ட் ஓடும்.

ஷிப்டிலும் ஏமாற்று உண்டு. 12 மணி நேரம் வேலை செய்தால் ஒன்றரை ஷிப்ட் என்பது ஊர் வழக்கம். கணக்குக்கு எளிதாக ஷிப்ட் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வருவது 750. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டைக் கூலி என்கிறது சட்டம். ஆறு நாளும் அப்படி ஓட்டினால் தினமும் அந்தக் கூடுதல் நான்கு மணி நேரத்துக்கே 500, மொத்தம் 1000 வர வேண்டும். இந்த 250 ரூபாயைப் பற்றி எங்கள் லைனில் யாரும் வாய் திறப்பதில்லை, நான் உட்பட.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இரண்டும் பீஸ் ரேட்டுக்காரருக்கும் சட்டப்படி உண்டு. ஆனால் பொதுவாக இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர், பி.எஃப்.புக்கு இருபது பேர் வேலை செய்ய வேண்டும். எங்கள் பவர் டேபிளில் இருந்தது எட்டுப் பேர். இப்போது இ.எஸ்.ஐ.க்கு என் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. போன வருடம் டெங்கு வந்து படுத்தபோது, விடுப்பு நாளுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைத்தது. அலைய வைத்துத்தான் கொடுத்தார்கள், ஆனாலும் கொடுத்தார்கள். பவர் டேபிளில் கைமுட்டி வீங்கி மூன்று வாரம் வீட்டில் இருந்தபோது ஒரு ரூபாய் வரவில்லை.

ஷிப்ட் என்றால் கவலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியதும் எங்கள் லைனில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கியது. ஷிப்டே இல்லையென்றால் சம்பளமும் இல்லை. அப்புறம், நான் ஓட்டியது ஓவர்லாக் மட்டும். ஃபிளாட்லாக் என்ற இன்னொரு வகை மெஷின் ஓட்டுபவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். 22 வயதில், கையில் வேகமும் வீட்டில் பொறுப்புக் குறைவும் இருந்தபோது கேட்டிருந்தால் நானே பீஸ் ரேட் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முந்தின நான்கு ஞாயிற்றுக்கிழமை பழைய பவர் டேபிளுக்குப் போய் பீஸ் ரேட்டுக்கு ஓட்டிவிட்டு வருகிறேன். கட்டிங் வந்துவிட்டதா என்று போனில் கேட்டுக்கொண்ட பிறகுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவேன்.