அட்டன் பெற்றோர் வகுப்பு: நாலு ஞாயிறு போகலாமா?

பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு கொழுந்தெடுக்க மலைக்கு ஏறும் அம்மாவுக்கும், அம்மாச்சியிடம் விட்டுவிட்டு கொழும்புக்கோ குவைத்துக்கோ போன அம்மாவுக்கும் மனசுக்குள் ஓடுவது ஒன்றுதான்: "நானெல்லாம் ஒரு தாயா?" அந்தக் குற்ற உணர்வுக்கென்றே இலங்கை மலையகத்து அட்டனில் நடக்கிறது இந்த வகுப்பு. நாலு ஞாயிறு, தலா 2 மணித்தியாலம்.

முதல் நாள் படிவமும் தேத்தண்ணியும்தான். தவறவிட்டாலும் நட்டமில்லை.

சரக்கு இருப்பது இரண்டாம் நாளில். கொப்பியில் 3 நிரல் கீறச் சொல்கிறார்கள்: நடந்தது, மனசு சொன்னது, அதே நிலைமையில் பக்கத்துக் காம்பரா அக்கா இருந்தால் அவரிடம் நாம் சொல்வது. "பிள்ளைக்குக் காய்ச்சல், வேலைக்குப் போனேன்." "நான் கல்நெஞ்சுக்காரி." "மருந்து குடுத்து, அம்மாச்சிகிட்ட சொல்லிட்டுத்தானே போனீங்க? பேர் விழாட்டி, அன்னைக்குச் சம்பளம் இல்லாட்டி, மருந்துக்கு எங்க போறது?" பலரும் சறுக்குவது முதல் நிரலில். "பிள்ளையக் கைவிட்டுட்டேன்" என்று தீர்ப்பையே எழுதிவிடுகிறார்கள், பிறகு மூன்றாவதில் எழுத ஒன்றும் வருவதில்லை. கமராவில் பதிந்தால் எது தெரியுமோ அதை மட்டும் எழுதினால் சரிவரும்.

மூன்றாம் நாள், அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 'self-compassion' என்பதற்கு 2003இல் வகுத்த மூன்று கூறுகள்: தன்னிடம் கனிவு, இது எல்லோருக்கும் உள்ளது என்ற உணர்வு, வருத்தத்தைப் பெருக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது. கையேட்டில் இதைத் 'தன்னிரக்கம்' என்று போட்டிருப்பது பெரிய பிழை. நம் காதுக்கு அது 'ஐயோ, என் விதியே' என்று புலம்புவது. 'தன்மேல் பரிவு' என்றிருக்கலாம். "துன்பம் வாழ்வின் அங்கம்" என்று பயிற்சியில் கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வளவாளர் அதை "எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்" என்று மாற்றிய பிறகே அறை இளகியது.

கண்ணை மூடியதும் சிலருக்கு அடக்கிவைத்த அழுகை பொங்கும். நெடுநாள் கிடைக்காத பரிவு கிடைக்கும்போது பழைய வலியும் சேர்ந்து கிளம்புவது வழமை. அப்போது பயிற்சியை நிறுத்தி, கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, சூடான கோப்பையைக் கையில் பிடிக்க வேண்டும். இங்கே "தொடருங்க" என்றார்கள். அது தவறு.

நாலாம் நாள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது. செய்ததைப் பெயர்சொல்லிக் கூறு, 'ஆனா' போடாதே, அடுத்த முறை என்ன செய்வாய் என்று சொல், டொபி வாங்கிக் கொடுத்து முடிக்காதே. வெளிநாட்டிலிருந்து பேசுவோருக்குச் சொன்ன யோசனையும் நல்லது: "சாப்பிட்டியா, படிச்சியா" என்றால் "ம்" தான் வரும். போன தடவை பிள்ளை சொன்ன ஒன்றிலிருந்து கேள்வியைத் தொடங்க வேண்டும்.

குறைகள்: காலை 9 மணிக்குத் தொடங்கினால் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து வருவோருக்குச் சிரமம். அறிவித்தல் தாய்மாருக்கு மட்டும், அப்பாமாருக்கு மனசே இல்லைபோல. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை, குற்ற உணர்வு வகுப்புக்கு வரவும் பிள்ளையை யாரிடமாவது விட்டுத்தான் வர வேண்டும்!

வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாதவருக்கு, உயிரை விடும் எண்ணம் வருபவருக்கு இது போதாது. ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போகவேண்டும், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு அழைக்கவேண்டும். மற்றவர்கள் தாராளமாகச் சேரலாம். 80 பக்கக் கொப்பி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், அங்கே தரும் தாளில் 3 நிரல் அடங்காது.