இலவச வக்கீல்தானே என்று தயங்காதீர்கள்: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, என் அனுபவம்

வாடகை வீட்டைக் காலி செய்த பிறகும் வீட்டு ஓனர் என் அம்மாவுக்கு 60,000 ரூபாய் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. பெயிண்ட், பிளம்பிங் என்று ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு சொன்னார். விசாரித்தபோது பக்கத்து வீட்டு அக்கா மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும், இலவசமாக வக்கீல் தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பற்றிச் சொன்னார்.

வருமானச் சான்றிதழ் கேட்பார்களோ என்று அம்மா பயந்தார். தேவையே இல்லை. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படித்தான்.

எங்களுக்குக் கொடுத்த வக்கீல் இளம்பெண். அம்மா எழுதி வைத்திருந்த மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். ஓனர் திட்டியது, தண்ணீரை நிறுத்தியது எல்லாவற்றையும் பேனாவால் அடித்துவிட்டு, “இது உங்க வருத்தம்மா, எனக்குப் புரியுது. ஆனா பணம் வாங்கித் தரப்போறது சாவி கொடுத்த தேதியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான்” என்றார். மனு ஒரே பக்கத்தில் முடிந்தது. ஒரு வக்கீலின் வேலை என்ன என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. சட்டம் படிக்கும் என் தங்கையையும் அவரிடம் அழைத்துப் போய்ப் பேச வைத்தேன். குறைந்தது 3 ஆண்டு தொழில் செய்தவர்களைத்தான் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் சேர்ப்பார்களாம். அவர்களுக்கு ஆணைக்குழுவே மதிப்பூதியம் தருகிறது, நம்மிடம் வாங்கக் கூடாது. அவரும் வாங்கவில்லை.

முதல் அமர்வுக்கு ஓனர் வரவில்லை. வழக்குப் போடுவதற்கு முந்தைய சமரசம் என்பதால் வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. இது இந்த முறையின் பெரிய பலவீனம், தெரிந்துகொண்டே போங்கள். அடுத்த நோட்டீஸுக்கு வந்தார். பேசிப் பேசி 52,000க்கு ஒத்துக்கொண்டார். அதை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பதிவு செய்தார்கள். அந்த உத்தரவுக்கு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்கு உள்ள அதே மதிப்பு உண்டு, அப்பீல் கிடையாது. கோர்ட் கட்டணமும் கட்டவில்லை.

குறையும் உண்டு. காத்திருக்கும் இடத்தில் உட்கார நாற்காலி போதவில்லை. முட்டி வலியோடு வரும் வயதானவர்கள் சுவரோரம் நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. யாராவது இதைக் கவனித்தால் நல்லது.

போகும்போது ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம், பணம் கொடுத்ததற்கான ஆதாரம் எடுத்துப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100க்குப் போன் செய்து கேட்கலாம்.